வேட்கையைப் பாடும் பாட்டுக்குப் பொருள் காண்பது எப்படி: செட்டிநாட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஆசையைப் பாடும் பாட்டுக்குப் பொருள் சொல்லுங்கள் என்றால் இரண்டு வகையானவர்கள் முந்திக்கொண்டு எழுவார்கள். ஒருவர் எந்தப் பூவைக் கண்டாலும் எந்த வண்டைக் கண்டாலும் அதில் உடம்பையே பார்ப்பார். மற்றவர் உடம்பை வெளிப்படையாகச் சொல்லும் வரியில்கூட ஆன்மாவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் மூச்சு விடுவார். காரைக்குடிப் பக்கத்து மேடைகளில் இருவரையும் நிறையக் கேட்டாயிற்று. பாட்டைப் படிக்கும் முன்பே விடையை முடிவுசெய்துவிட்டவர்கள் என்பதில் இருவரும் ஒன்றுதான்.

இந்த வழிகாட்டி விடையைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறது. பழம்பாட்டு, திரைப்பாட்டு, பக்திப்பாட்டு மூன்றுக்கும் இதே வழிதான். கையில் ஒரு பாட்டு இல்லாமல் முறையை மட்டும் பேசினால் காற்றோடு போய்விடும் என்பதால் குறுந்தொகையின் 27ஆம் பாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஐந்தே அடி. பாடியவர் வெள்ளிவீதியார் என்ற சங்ககாலப் பெண்புலவர்.

கன்றும் உண்ணாது கலத்தினும் படாது
நல்லான் தீம்பால் நிலத்து உக்காஅங்கு
எனக்கும் ஆகாது என்னைக்கும் உதவாது
பசலை உணீஇயர் வேண்டும்
திதலை அல்குல் என் மாமைக் கவினே

முதல் படி: கையால் எழுதுங்கள், சொல் பிரியுங்கள்

அச்சில் பார்த்துத் தலையாட்டுவது போதாது. ஒரு தாளில் பாட்டை எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே இன்றைய சொல்லை எழுதுங்கள். இந்தப் பாட்டில் இரண்டு இடத்தில் கால் இடறும். "நல்லான்" என்றதும் நல்லவன் ஒருவன் வந்துவிட்டான் என்று தோன்றும். அது நல் ஆன், நல்ல பசு. "என்னைக்கும்" என்பதை நம் பேச்சு வழக்கில் 'என்றைக்கும்' என்று காது கேட்டுவிடும். அது என் ஐக்கும், அதாவது என் தலைவனுக்கும். இந்த இரண்டையும் தவறாகப் பிரித்தால் பாட்டில் இல்லாத காதல் கதை ஒன்றே கிளம்பிவிடும்.

மிச்சம் எளிது. உக்காஅங்கு என்றால் சிந்தியதுபோல. உணீஇயர் வேண்டும் என்றால் உண்ண விரும்பும். மாமை என்பது மாந்தளிர் நிறம். திதலை என்பது தேமல் போன்ற வெளிர்ப்புள்ளி. அல்குல் என்ற சொல்லுக்கு ஆறாம் படியில் வருகிறேன். பசலை, பிரிவில் மேனியில் படர்வதாகப் புலவர்கள் சொல்லும் நிறமாற்றம்.

பிறகு அலங்காரமே இல்லாத உரைநடை ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். "கன்றும் குடிக்காமல், கறக்கும் கலத்திலும் விழாமல், நல்ல பசுவின் இனிய பால் நிலத்தில் சிந்திப்போனதுபோல, எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல், தேமல் படர்ந்த அல்குலையுடைய என் மாந்தளிர் நிற அழகைப் பசலை உண்ண விரும்புகிறது." இந்தக் கட்டத்தில் வியப்புக்குறி வேண்டாம்.

திரைப்பாட்டென்றால் இணையத்தில் கிடைக்கும் வரிகளை அப்படியே எடுக்காதீர்கள். ல, ள, ழ மூன்றையும் குழப்பி, சொற்களைக் கண்ட இடத்தில் வெட்டிவைத்திருப்பார்கள். பாட்டைக் கேட்டு நீங்களே எழுதுங்கள்.

இரண்டாம் படி: யார், யாரிடம், யார் காதில் விழ?

அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் படி இது. தொல்காப்பியம் செய்யுளுக்கு முப்பத்து நான்கு உறுப்புகளைச் சொல்கிறது. அவற்றில் கூற்று, கேட்போர், களன் (இடம்), காலம், எச்சம் (சொல்லாமல் விட்டது), முன்னம் (இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்ற பேச்சு) என்ற ஆறும் பொருள் காண்பவருக்கு நேரடியாக உதவும். பேசுபவர் யார், கேட்பவர் யார் என்ற இரண்டைச் சரியாகப் பிடித்தால் பாதிப் பொருள் கைக்கு வந்துவிடும்.

நம் பாட்டில் பேசுபவள் தலைவி. கேட்பவள் தோழி. பிரிவைத் தலைவி தாங்கமாட்டாள் என்று தோழி கவலைப்பட, அதற்குத் தலைவி சொன்னது இது என்கிறது பாட்டின் அடியில் உள்ள குறிப்பு. இத்தகைய குறிப்புகள் தொகுத்தவர்கள் பின்னால் சேர்த்தவை என்பது பரவலான கருத்து. ஆகவே அதை ஒரு நல்ல முதல் வாசகரின் கருத்தாக எடுத்துக்கொள்ளலாம். சட்டமாக எடுக்க வேண்டியதில்லை.

இனி ஒரு சோதனை. கேட்பவரை மாற்றிப் பாருங்கள். இதே ஐந்து அடியைத் தலைவனிடமே சொல்கிறாள் என்றால் அது குற்றச்சாட்டு. தாயிடம் சொல்கிறாள் என்றால் இரண்டாம் அடிக்கு மேல் வாய் வராது. தன் காதுக்கு மட்டும் கேட்க முணுமுணுக்கிறாள் என்றால் புலம்பல். தோழியிடம் சொல்லும்போதுதான் அது பதிலாகிறது: 'தாங்கமாட்டாய் என்கிறாயே, என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொள்' என்ற தொனி. எந்தப் பாட்டுக்கும் இந்தச் சோதனை வேலை செய்யும்.

புலவரையும் பேசுபவரையும் ஒட்டவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வெள்ளிவீதியார் விஷயத்தில் அது கொஞ்சம் கூடுதலாகவே வரும். காதலனைத் தேடி அலைந்தவர் என்று அவரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. ஔவையாரே அகநானூறு 147இல் "வெள்ளிவீதியைப் போல" நானும் புறப்படலாமா என்று பாடுகிறார். இருந்தாலும் அகப்பாட்டின் மரபு, யாரையும் பெயர் சுட்டக்கூடாது என்பது. பெயரை எடுத்துவிட்டால்தான் படிப்பவர் எவரும் அந்த இடத்தில் உட்கார முடியும். வாழ்க்கை வரலாற்றை அடிக்குறிப்பில் வையுங்கள், உரைக்குள் விடாதீர்கள்.

திரைப்பாட்டில் இந்தச் சிக்கல் மும்மடங்கு. எழுதியவர் ஒருவர், பாடும் குரல் இன்னொருவர், திரையில் வாயசைப்பவர் மூன்றாமவர். பெண்ணின் ஏக்கம் என்று நாம் உருகுவது ஓர் ஆண் கவிஞர் கற்பனை செய்த ஏக்கமாக இருக்கலாம். அது பாட்டின் குறையன்று. ஆனால் 'பெண் மனத்தின் குரல்' என்று எழுதும்முன் பேனாவைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: எங்கே, எப்போது?

இந்தப் பாட்டின் திணை பாலை. பாலைநிலம் எங்கே என்று தேடினால் ஒரு கள்ளிச்செடிகூட இல்லை. மாடும் பாலும் நிலமும்தான். திணையை முடிவுசெய்தது நிலப்பரப்பன்று, பிரிவு. பள்ளிக்கூடத்தில் ஐந்திணைக்கு அட்டவணை போட்டுப் படித்தவர்கள் கருப்பொருளை எண்ணிக்கொண்டு ஏமாறும் இடம் இது. முதலில் உணர்ச்சி நிலையைப் பாருங்கள், பிறகு மரம் செடி பறவை.

செட்டிநாட்டு வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு சொத்து இருக்கிறது. பொருள் தேடப் பிரிவது இங்கே பாடத்திட்டத்தில் மட்டும் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சைகோனுக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழிலும் வணிகமும் செய்யப் போனவர்கள் பெரும்பாலும் மனைவியை ஊரில் விட்டுவிட்டே கப்பல் ஏறினார்கள். கடைக்கு ஏஜெண்டாகப் போனால் மூன்று வருடக் கணக்கு. "முந்நீர் வழக்கம் மகடூஉவோ டில்லை" என்று தொல்காப்பியம் சொல்வதை, பெண்ணோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்று பொருள்கொண்டால், அது இங்கே கானாடுகாத்தான் ஊரில் ஒரு வீட்டு முகப்பில் எழுதிவைக்கத் தக்க வரி. அகத்திணையை ஆராய்ந்து 'தமிழ்க் காதல்' எழுதிய வ.சுப. மாணிக்கம் மேலைச்சிவபுரியில் பிறந்து, இளமையில் ரங்கூனில் வேலை பார்த்து, பின்பு காரைக்குடி அழகப்பா கல்லூரியில் பணியாற்றியவர். பாலைத்திணையை அவர் நூலில் மட்டும் கண்டிருக்க முடியாது.

வீட்டையும் நினைத்துப் பாருங்கள். திருமணமானதும் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பது', அதாவது தனிக் குடித்தனமாக்குவது, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கம். ஒரே வளவில் (பெரிய வீட்டில்), ஒரே கூரையின் கீழ், ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான தம்பதிக்கும்) தனி அடுப்பு. கணவர் கப்பலேறிய பிறகு, சுற்றிலும் உறவு நிறைந்த பெரிய வீட்டில் தனக்கென்று தனியாக உலை வைத்த இளம் ஆச்சிகள் (நகரத்தார் வீட்டுப் பெண்கள்) இருந்தார்கள். "எனக்கும் ஆகாது" என்ற சொல்லை அவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள்?

கேள்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தப் படியின் ஒழுங்கு. குறுந்தொகைத் தலைவி ஆச்சி அல்லள். நடுவில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கிடக்கிறது. நம் ஊர் அனுபவம் பாட்டிடம் கேட்க நல்ல கேள்விகளைக் கொடுக்கும். பதிலைப் பாட்டின் சொற்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். பாட்டியின் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டு, பாட்டை அப்படியே மேடையில் விட்டுப் போகிறவர்கள் உண்டு.

நான்காம் படி: விரும்புவது யார்?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். ஆசையைப் பாடும் எந்தப் பாட்டிலும் விரும்புதல், வேண்டுதல், ஏங்குதல் என்ற பொருள் தரும் வினைகளை எல்லாம் கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுவாயைத் தேடுங்கள். பாட்டு தன் ஆசையை யார் தலையில் ஏற்றிவைத்திருக்கிறது என்பது அப்போது தெரியும்.

நம் பாட்டில் அப்படிப்பட்ட வினை ஒன்றே ஒன்று: வேண்டும். அதன் எழுவாய் தலைவி அல்லள், தலைவனும் அல்லன், பசலை. இவ்வளவு வேட்கை நிறைந்த பாட்டில் 'நான் விரும்புகிறேன்' என்று ஓரிடத்திலும் அவள் சொல்லவில்லை. விரும்புகிற வேலையை நோயிடம் கொடுத்துவிட்டாள். கணவன் உண்ண வேண்டியதை, தானும் துய்க்க வேண்டியதை, வேறொன்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்க்கிறது. தன் பசியைச் சொல்லாமல் பசலையின் பசியைச் சொல்வதால், கேட்கும் தோழிக்கு இவளுடைய பசி இன்னும் உரக்கக் கேட்கிறது.

கூடவே மூன்றாம் அடியின் வரிசையைப் பாருங்கள். "எனக்கும்" முதலில், "என்னைக்கும்" அடுத்து. தன் அழகு முதலில் தனக்கே பயன்பட வேண்டியது என்கிறாள். மனைவியின் அழகு கணவனுக்குரிய சொத்து என்ற கணக்கில் இந்தப் பாட்டை விளக்கும் உரைகளைக் கேட்டிருக்கிறேன். எழுத்தில் இருக்கும் வரிசை அந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. இன்பத்தில் தன் பங்கை முதலில் எழுதிக்கொண்ட பெண் இவள்.

ஒரு பாட்டில் 'நான்' என்பதே எழுவாயாக வந்து, ஆசை வினை வரிக்கு வரி நிரம்பியிருந்தால் அது வேறு வகை: அறிவிக்கும் ஆசை. எழுவாய் கண், கை, காற்று, நிலா என்று மாறிக்கொண்டே இருந்தால் அது ஒளிந்துகொள்ளும் ஆசை. இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்பெழுத வேண்டாம். பாட்டு எதைச் செய்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும்.

ஐந்தாம் படி: உவமையை முழுக்கப் பிழியுங்கள், அதற்கு மேல் பிழியாதீர்கள்

பாலைப் பற்றிய முதல் இரண்டு அடியில் நான்கு செய்தி இருக்கிறது. பசு நல்ல பசு, பால் இனிய பால், கன்று குடிக்கவில்லை, கலத்தில் விழவில்லை. யாரும் ஊட்டாமல் கறக்காமல் பால் தானே மண்ணில் விழ வேண்டுமென்றால் மடி எவ்வளவு நிறைந்திருக்க வேண்டும்! நிறைவின் மிகுதியால் வரும் இழப்பு அது. தலைவியிடம் குறை ஏதும் இல்லை, இருப்பதுதான் வீணாகிறது. இதுவரை சொற்களே சொல்கின்றன.

கன்று தலைவியா, கலம் தலைவனா? இரண்டு இரண்டாக வரும் அமைப்பைப் பார்த்தால் அப்படிப் பொருத்தத் தோன்றும். பாட்டு அப்படிப் பொருத்திக் காட்டவில்லை. இங்கே உங்கள் குறிப்பில் 'ஊகம்' என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். சொல்லில் இருப்பதற்கும் நாம் சேர்ப்பதற்கும் நடுவில் ஒரு கோடு வேண்டும்.

சில பாட்டுகளில் உவமை உருபே இருக்காது. காட்சி மட்டும் நிற்கும். குறுந்தொகை 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி, தன்னை அவன் கூடிய நாளில் வேறு யாரும் இல்லை என்கிறாள். பிறகு நினைவு வந்ததுபோல,

ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு தான்மணந்த ஞான்றே

என்று முடிக்கிறாள். ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்று இருந்தது. நம் கண்மாய்க் கரையில் நாரை நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த அசையாத நிலை தெரியும். அது மீனைப் பார்க்கிறதே ஒழிய இவர்களைப் பார்க்கவில்லை, சாட்சிக்கு ஆகாது. இது சொல்லில் இருப்பது. மீனுக்காகக் காத்த குருகில் அன்றைக்கு அவன் இருந்த நிலையும் தெரிகிறது என்பது உள்ளுறை, அதாவது காட்சிக்குள் மறைந்து நிற்கும் பொருள். நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகம்.

ஆறாம் படி: உடம்புச் சொல் வந்தால்

இருமிவிட்டு அடுத்த வரிக்குப் போகாதீர்கள். அல்குல் என்ற சொல்லை 'இடை' என்று மென்மைப்படுத்திக் கடப்பவர்கள் உண்டு. அதையே பிடித்துக்கொண்டு பாட்டு முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைப்பவர்களும் உண்டு. அது இடைக்குக் கீழான பெண்ணுறுப்புப் பகுதியைக் குறித்து வரும் பழஞ்சொல் என்று வெட்கமில்லாமல் ஒரு வரி எழுதுங்கள், மேலே போங்கள். வயது கலந்த கூட்டம் என்றாலும் இதே தொனிதான். மருத்துவர் பேசுகிற தொனியில் பேசினால் யாரும் சிரிப்பதில்லை.

ஏழாம் படி: மனிதக் காதலா, தெய்வக் காதலா?

மார்கழியில் திருவெம்பாவை கேட்டு வளரும் ஊர்களில் இந்தக் கேள்வி வந்தே தீரும். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் நானூறு பாட்டும் அகத்துறைப் பாட்டுகள். அதைப் பற்றிய பழைய பாட்டு ஒன்று வேடிக்கையாகப் பட்டியல் போடுகிறது: அந்தணர் அதை வேதம் என்பார்கள், யோகியர் ஆகமம் என்பார்கள், காமுகர் காமநூல் என்பார்கள், தருக்கம் படித்தவர் தருக்கம் என்பார்கள், புலவர் எழுத்திலக்கணம் என்பார்கள். பொருள் காண்பவர் மேசைமேல் ஒட்டிவைக்க வேண்டிய பட்டியல் அது. அவரவர் கொண்டுவந்த பாத்திரத்தின் வடிவமே அவரவர் பெற்ற பொருளின் வடிவம்.

அளவுகோல் ஒன்று தருகிறேன். தெய்வத்தின் பெயரோ தலமோ அடையாளமோ பாட்டுக்குள் இருக்கிறதா? திருக்கோவையாரில் தில்லையும் சிவனும் திரும்பத் திரும்ப வருகிறார்கள்; அங்கே இரண்டு தளத்திலும் படிக்கப் பாட்டே அனுமதி தருகிறது. குறுந்தொகை 27இல் அப்படி ஒரு எழுத்தும் இல்லை; வலிந்து ஏற்றினால் அது உங்கள் பாட்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெய்வத்தின் பெயர் வந்துவிட்டால் உடம்பு மறைந்துவிடாது. "மானிடவர்க்கென்று பேச்சுப்படில் வாழகில்லேன்" என்று ஆண்டாள் சொல்வதில் பக்தி எவ்வளவு மெய்யோ அவ்வளவு மெய் அவருடைய உடம்பும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்கும் உரை பாதி உரை.

எட்டாம் படி: மெட்டு இருந்தால்

முதலில் மெட்டில்லாமல் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு மெட்டோடு கேளுங்கள். எந்தச் சொல் நீள்கிறது, எங்கே மூச்சு விடுகிறார்கள், எந்த வரி திரும்ப வருகிறது என்று குறியுங்கள். சரணம் முடிந்து திரும்பும் பல்லவிக்கு முதல் தடவை இருந்த பொருளே இருக்காது. ஏவி.எம். ஸ்டுடியோ காரைக்குடியில் இயங்கிய காலமும் உண்டு, கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி பக்கத்து ஊர்; ஆகவே மெட்டுக்குப் பாட்டு எழுதும் கதைகள் இங்கே திண்ணைக்குத் திண்ணை கிடைக்கும். அவற்றிலிருந்து ஒரு செய்தி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: தத்தகாரத்தை (மெட்டின் 'தன்னானே' அளவை) நிரப்ப வந்த 'அன்பே', 'கண்ணே'களில் தத்துவம் தேடாதீர்கள்.

ஒன்பதாம் படி: எழுதுவது

ஒரு பத்தி போதும். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'இதை எந்தச் சொல் சொல்கிறது?' என்று கேட்டு, பதில் இல்லாததை அடியுங்கள். நம் பாட்டுக்கு என் பத்தி இப்படி வரும்:

'பொறுக்கமாட்டாள் என்று கவலைப்பட்ட தோழிக்குத் தலைவி பதில் சொல்கிறாள். நிறைந்த மடியின் பால் யாருக்கும் பயன்படாமல் மண்ணில் சிந்துவதுபோல, தன் அழகு தனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் அழிகிறது என்கிறாள். பயன்பெற வேண்டியவர்களில் தன்னையே முதலில் வைக்கிறாள். தன் வேட்கையை நேரே சொல்லாமல், தன்னை உண்ண வரும் பசலையின் வேட்கையாகச் சொல்கிறாள்.'

உங்கள் பத்தி இதிலிருந்து வேறுபடலாம். உதாரணமாக, "வேண்டும்" என்பதில் அவளுடைய கசப்பான சம்மதமும் இருப்பதாக ஒருவர் படிக்கக்கூடும்: உண்ணட்டும், போகட்டும் என்ற தொனி. சொல்லின் இடம் அதைத் தடுக்கவில்லை. அப்படி இரண்டு பொருளும் நிற்கும்போது ஒன்றை வெட்டாமல் இரண்டையும் எழுதி, எதன்பக்கம் நீங்கள் சாய்கிறீர்கள், எந்தச் சொல்லால் சாய்கிறீர்கள் என்று கீழே ஒரு வரி சேருங்கள். நான் பசலையின் பக்கம் சாய்கிறேன். "உணீஇயர்" என்ற வினை அதன் வாய்க்கு அவ்வளவு நெருக்கத்தில் நிற்கிறது.